அளந்து கொடுத்த எழுத்து

ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கின்றது, எதைக் கற்பிக்காது விடுகின்றது என்பதைக் கொண்டு, அப்பிள்ளைகளை அது யாராக ஆக்க நினைக்கின்றது என்பதை அறிந்துவிடலாம். பாடவிதானத்தினுள் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு ஒளிந்திருக்கின்றது. மலைநாட்டுத் தோட்டங்களின் கல்விச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போருக்கு இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். தோட்டத்திலே தொழிலாளிக்கு அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. அதன் விலை சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. எழுத்தும் அவ்வாறே அளந்து கொடுக்கப்பட்டது. அதன் விலையை எத்தனை தலைமுறைகள் செலுத்தின என்பதற்குத்தான் கணக்கில்லை.

ஆரம்ப வகுப்புகள் முதல் இடைநிலை வகுப்புகள் வரை கணினித் திறனைப் படிப்படியாக எங்ஙனம் கற்பிப்பது என்ற கேள்வி இன்று ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. எந்த வகுப்பில் எதைத் தொடங்குவது, எத்தனை பாடவேளை ஒதுக்குவது, எத்தனை இயந்திரங்கள் வேண்டும் என்று பேசுகின்றோம். இவை வேண்டிய பேச்சுக்களே. ஆயினும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொட்டகலையிலும் இருந்து இவற்றைப் பேசுகின்ற நாம், முன்னர் நம் பிள்ளைகளுக்குப் பாடவிதானம் வகுத்தவர்கள் எந்தப் படியால் அளந்தார்கள் என்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று. பழைய படி புதிய பண்டத்தை அளக்கவும் உதவும் அன்றோ?

19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்காகவும், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் கொண்டுவரப்பட்டனர். கங்காணியிடம் பட்ட கடனுடனேயே அவர்கள் மலை ஏறினர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குப் போக விரும்பியவனுக்குத் துரை ஒரு சீட்டுக் கொடுப்பார். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். இதுவே ‘துண்டு’ எனப்பட்டது. ஒரு மனிதனின் கடனும் காலும் கட்டுண்டு கிடந்த அந்தக் கடதாசியை, அதற்குரியவனால் வாசிக்க முடியவில்லை. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ ஆயிரம் பேர், தாம் வாசிக்க இயலாத எழுத்தினால் கைமாற்றப்பட்டுவிட்டனர். தோட்டத்துக்கும் எழுத்துக்கும் ஏற்பட்ட முதல் உறவு இது. எழுத்து ஆளுகின்றவனிடம் இருந்தது. ஆளப்பட்டவன் அதன் பொருளாக இருந்தான்.

தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொண்டுசெல்ல முதலில் முயன்றவர்கள் மிஷனரிமார். 1854இல் தொடங்கப்பட்ட ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டங்களிலே சில பாடசாலைகளை நடத்தியது. அதன் நோக்கம் சமயம் சார்ந்தது எனினும், லயத்துப் பிள்ளையின் கையில் முதன்முதல் ஓர் அச்சுப் புத்தகத்தை வைத்த பெருமை அதனைச் சாரும். அந்த மிஷனின் பெயரிலேயே ‘கூலி’ என்ற சொல் இருந்தது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. படிக்க வந்த பிள்ளைக்கு, படிப்பிற்கு முன்னரே ஒரு பட்டம் கிடைத்துவிட்டது.

அரசாங்கம் 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் சட்டத்தின் வழியாகவே இத்துறையில் காலடி எடுத்து வைத்தது. 6 வயது முதல் 10 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தலும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பேணுதலும் தோட்டத்துரையின் கடமை என்று அச்சட்டம் கூறிற்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் இக்கடமையைத் தொடர்ந்து வலியுறுத்தியது. பார்வைக்கு நல்ல சட்டங்கள்தாம். ஆனால் 10 வயது என்ற எல்லையை உற்று நோக்குங்கள். மலையிலே கொழுந்துக்கோ புல்லுவெட்டுக்கோ பிள்ளையின் கை பயன்படத் தொடங்கும் வயது அது. எங்கே உழைப்புத் தொடங்குமோ அங்கே கல்வி முடிந்தது. படித்தவன் தோட்டத்தில் தங்கமாட்டான் என்பது துரைமாரின் அச்சம். அச்சத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஏற்பட்ட சமரசத்தின் அளவே அந்த நான்கு ஆண்டுகள்.

கற்பித்தவை யாவை? சிறிது வாசிப்பு, சிறிது எழுத்து, சிறிது எண். ஒரே அறை, ஒரே உபாத்தியாயர், எல்லா வகுப்புகளும் அவர் முன்னே. அவரும் பல இடங்களில் கணக்கப்பிள்ளைக்கோ பெரிய கங்காணிக்கோ வேண்டியவராக இருந்தார். சில தோட்டங்களில் கணக்கப்பிள்ளையே உபாத்தியாயரானார். தோட்டக் காரியாலயத்தின் பேரேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. பாடசாலையிலோ ஆங்கிலம் இல்லை. தாய்மொழிக் கல்வி சிறந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கு தாய்மொழி வேலியாக நடப்பட்டது. எந்த மொழியில் தன் தாயின் சம்பளம் எழுதப்பட்டதோ, அந்த மொழி பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டது.

இருப்பினும் மக்கள் அளந்து கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் விளக்கை ஏற்றி வைத்துப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை உரத்துப் படிக்க, ஒரு லயமே சுற்றியிருந்து கேட்டது. கோ. நடேசய்யர் 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கியதும், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்ததும், அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டுக்களை இயற்றிக் கூட்டங்களிலே பாடியதும், எழுத்தறியாதவர்களின் காதுக்கும் எழுத்தைக் கொண்டுசேர்த்த முயற்சிகளே. பாடசாலை தராத பாடத்தை இயக்கம் தந்தது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதை வாசிக்கவும், அதற்கு மறுமொழி எழுதவும் மனிதன் விரும்பினான். மலைநாட்டின் உண்மையான பாடவிதானம் அங்கேதான் தொடங்கிற்று எனலாம்.

1945இல் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி பிறந்தது. ஆசியாவிலே பிற நாடுகள் வியந்து நோக்கிய சாதனை அது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அந்தப் பெருவெள்ளம் தேயிலை மலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு பேரின் இடத்தில் ஒருவரும் இல்லை. வாக்கில்லாத மக்களுக்குப் பாடசாலை கேட்க யார் இருப்பார்? 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, தோட்டப் பாடசாலைகள் அந்தப் பட்டியலிலே இடம்பெறவில்லை. நாடு முழுவதற்கும் தேசியக் கல்வி. தோட்டத்துக்கு மட்டும் தோட்டக் கல்வி.

அந்த இருண்ட காலத்திலும் ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் பணியாற்றிய இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் ஓர் இளந்தலைமுறையைத் தட்டியெழுப்பினர். மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களின் வாழ்வை இலக்கியமாக்கினார். ஆயினும் தனிமனிதர்களின் ஒளியால் நூற்றுக்கணக்கான லயத்துப் பள்ளிகளை விளக்கேற்ற இயலாது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1977ஆம் ஆண்டளவில் தொடங்கியே பெருந்தொகையான தோட்டப் பாடசாலைகள் கட்டங்கட்டமாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதே 1977இல்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் மக்கள் வாக்கால் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். வாக்கும் பாடசாலையும் ஒரே வாசலால் வந்தது தற்செயல் அன்று. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியாற் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். ஜெர்மன் நாட்டின் துணையோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று.

இலவசக் கல்வி பிறந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னரே நமக்கு அரசாங்கப் பாடசாலை கிடைத்தது. இதே வேளையில் நாட்டின் மறுமுனையில் வேறொரு கதை தொடங்கிற்று. பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவும் அவரைச் சேர்ந்தோரும் வகுத்த தேசியக் கணினிக் கொள்கை 1983இல் வெளிவந்தது. 1983! அந்த ஆண்டின் ஆடி மாதத்தை மலைநாட்டுத் தமிழர் எவரும் மறக்கமாட்டார். ஒரு கையில் எதிர்காலத்தின் திட்டம். மறு கையில் எரியும் கடைத்தெரு. அந்தப் பத்தாண்டில் நகரத்துச் சில பாடசாலைகளுக்குக் கணினிகள் வந்தபோது, நம் பிள்ளைகள் பலர் மின்சாரமில்லாத காம்பிராவில் மண்ணெண்ணெய் விளக்கின் கீழ்ப் படித்துக்கொண்டிருந்தனர்.

பின்னர் கணினிக் கல்வி நாடெங்கும் பரவியது உண்மை. ஆனால் அது பரவிய முறையைக் கவனியுங்கள். 2000களில் உயர்தர மாணவர்க்குப் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சை வந்தது. சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாக வந்தது. அதற்கடுத்த பத்தாண்டில் 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை பாடநூல்கள் வந்தன. மாடியிலிருந்து தொடங்கி அத்திவாரத்தை நோக்கிக் கட்டப்பட்ட வீடு இது. நகரத்துப் பிள்ளைக்கு இதனாற் பெருந்தீங்கில்லை. அதன் அத்திவாரம் வீட்டிலேயே இருக்கின்றது. தோட்டத்துப் பிள்ளையின் நிலை வேறு. நம் தோட்டங்களிற் பல பாடசாலைகள் 5ஆம் வகுப்போடு முடிந்துவிடுபவை. 6ஆம் வகுப்புக்கு அப்பிள்ளை மலை இறங்கி வேறு பாடசாலைக்குப் போகவேண்டும். கணினி என்ற சொல்லையே அங்குதான் முதன்முதற் பாடமாகச் சந்திக்கின்றது. அதன் பக்கத்து ஆசனத்திலோ, நடக்கப் பழகிய நாள் முதல் அதனோடு விளையாடிய பிள்ளை. ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், ஒரே பரீட்சை. தொடக்கக் கோடு மட்டும் வேறு.

இங்கு அளவுகோல் பற்றியும் ஒரு வார்த்தை. நமது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவைக் கணக்கிடும்போது, 5 முதல் 69 வயது வரையுள்ள ஒருவர் கணினியைத் தாமாகவே பயன்படுத்த முடிந்தாற் போதும் என்கின்றது. ஐந்து வயதுக் குழந்தை கணினியில் ஒரு விளையாட்டை ஆட முடிந்தாலும் அது எழுத்தறிவு பெற்றதாகவே கொள்ளப்படும். இத்துணைத் தளர்ந்த அளவுகோலாலும் அளந்து பார்த்தால், நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றனுள் தோட்டமே கடைசியில் நிற்கின்றது. இது ஒரு துயரம். நான் அஞ்சும் துயரமோ வேறு. நாளை இந்த எண் உயரும். கையடக்கத் தொலைபேசி லயத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் விரலாற் தட்டப் பழகிவிட்டனர். எண் உயர்ந்ததும் இக்குறை தீர்ந்தது என்று கோப்பு மூடப்படும். கையெழுத்திடத் தெரிந்தவனை எழுத்தறிந்தவன் என்று அன்று எண்ணியவாறே, திரையைத் தட்டத் தெரிந்தவனைக் கணினி அறிந்தவன் என்று இன்று எண்ணுவர். தட்டுகின்றவனுக்கும் திட்டம் வகுக்கின்றவனுக்கும் உள்ள தூரம், கொழுந்து கிள்ளுகின்றவளுக்கும் பேரேடு எழுதுகின்றவனுக்கும் இருந்த தூரமே.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இத்தூரம் கண்கூடாயிற்று. அலைவரிசை கிடைக்கும் இடம் தேடிப் பிள்ளைகள் மலை முகட்டுக்கு ஏறினர். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி, அதுவும் தகப்பன் கொழும்பிலே கடையில் வேலை செய்தால் அவனோடு போய்விடும். ஒரு நூற்றாண்டுக்கு முன் துரை ஒதுக்கிக் கொடுத்த அந்த ஓர் அறைகூட இல்லாத பள்ளிக்கூடத்தை நாம் அன்று கண்டோம்.

நான் கண்ட பாடசாலை ஒன்றைக் கூறுகின்றேன், பெயர் வேண்டாம். அங்கு கணினி அறை உண்டு. இயந்திரங்கள் உறையிட்டுப் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. பழுதானால் யார் பொறுப்பு என்ற பயம். பிள்ளைகள் விசைப்பலகையைக் கொப்பியிலே படமாக வரைந்து பாகங்களைக் குறித்துப் படித்தனர். பின்னர் ஒருநாள் அறை திறக்கப்பட்டது. 8ஆம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஏதேனும் ஓர் அட்டவணை தயாரித்து வரும்படி கேட்டேன். அவள் தன் தாயின் ஒரு மாதக் கொழுந்து நிறையையும் சம்பளச் சீட்டையும் கொண்டுவந்தாள். நாள்தோறும் நிறுத்த கிலோக்களை ஒரு நிரலிலும், கழிவுகளை மற்றொரு நிரலிலும் இட்டுக் கூட்டினாள். கூட்டுத்தொகை சரியாகவே வந்தது. ஆனால் கழிவுகளில் ஒன்றின் பெயர் ஆங்கிலச் சுருக்கமாக இருந்தது. “இது என்ன, சேர்?” என்றாள். எனக்கும் தெரியவில்லை. வீட்டில் அம்மாவைக் கேட்டாயா என்றேன். “அம்மா இவ்வளவு நாளும் அதைக் கேட்டதில்லையாம்” என்றாள். அந்தச் சீட்டை அவர்கள் வீட்டில் எப்படி அழைப்பார்கள் தெரியுமா? சம்பளத் துண்டு. 1921இல் ஒழிந்த துண்டு எனக்கு அன்று நினைவுக்கு வந்தது. அந்த அறையில் அன்று நடந்ததே கணினிப் பாடம் என்பேன்.

ஆதலின், ஆரம்ப வகுப்பிலிருந்து 9ஆம் வகுப்பு வரை ஒரே தொடராக நாம் வகுக்கவேண்டிய பாடவிதானத்திற்குச் சரித்திரமே சில நெறிகளைத் தருகின்றது.

முதலாவது, அது 1ஆம் வகுப்பிலேயே தொடங்கவேண்டும். இயந்திரத்துக்காகக் காத்திருத்தல் ஆகாது. நியூசீலந்து நாட்டில் 1990களில் டிம் பெல் என்பாரும் தோழர்களும், கணினியே இல்லாமற் கணினி அறிவியலின் அடிப்படைகளை அட்டைகளாலும் கயிற்றாலும் விளையாட்டாலும் கற்பிக்கும் முறையை உருவாக்கினர். தரையிற் கட்டம் கீறி, ஒரு பிள்ளை கட்டளை சொல்ல மறு பிள்ளை நடக்கட்டும். கட்டளை பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று இருவரும் தேடட்டும். இலைகளை வகைப்படுத்தட்டும். இவை யாவும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தினுள்ளேயே அடங்கும். மின்சாரம் வேண்டியதில்லை; பயிற்சி பெற்ற ஆசிரியரே வேண்டும்.

இரண்டாவது, 3ஆம் வகுப்பு முதல் 5ஆம் வகுப்பு வரை பிள்ளை தன் மொழியில் இயந்திரத்தோடு பேசப் பழகவேண்டும். ஒருங்குறி 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆகவே தமிழில் தட்டெழுதத் தெரியாமல் ஒரு பிள்ளை 5ஆம் வகுப்பைக் கடப்பதற்கு நியாயமில்லை. பாட்டி சொன்ன கதையைத் தானே தட்டெழுதிப் படம் வரையட்டும். அத்தோடு ஆங்கிலச் சொற்களையும் அஞ்சாது கற்கட்டும். தாய்மொழி இம்முறை வேலியாகாது, வாசலாக அமைய வேண்டும்.

மூன்றாவது, 6 முதல் 9 வரையான வகுப்புகளிலே பிள்ளை ஆக்குவோனாக மாறவேண்டும். 1967இல் சீமோர் பேப்பெர்ட்டும் சகாக்களும் பிள்ளைகளுக்கென ‘லோகோ’ என்ற கணினி மொழியைச் செய்தபோது, கணினி பிள்ளையை ஆட்டுவிக்காமல் பிள்ளை கணினியை ஆட்டுவிக்கவேண்டும் என்பதே அவர்தம் கருத்து. பேப்பெர்ட் தென்னாபிரிக்காவிற் பிறந்து அங்குள்ள நிறவெறியை எதிர்த்து நின்றவர் என்பதையும் நினைவிற் கொள்க. இங்கிலாந்து 2014இல் தன் பழைய பாடத்தைக் கைவிட்டு, ஐந்து வயது முதலே நிரலாக்கத்தைப் பாடமாக்கிற்று. தொலைதூரம் ஏன்? கேரளத்தில் 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டம், கட்டற்ற மென்பொருளைக் கொண்டே வளர்ந்தது. ‘களிப்பெட்டி’ என்ற பெயரில் ஆரம்ப வகுப்புகளுக்கே நூல் வந்தது. அங்கு கணினிப் பாடநூல்கள் தமிழிலும் அச்சாகின்றன. மூணாற்றுத் தேயிலை மலையில் உள்ள தமிழ்ப் பிள்ளைக்கு இயன்றது, ஹட்டன் மலையிலுள்ள பிள்ளைக்கு ஏன் இயலாது?

நான்காவது, இப்பாடவிதானம் தோட்டத்து வாழ்வைத் தன் உதாரணங்களாகக் கொள்ளவேண்டும். நிறுவை, சம்பளம், மழையளவு, லயத்தின் குடிநீர், ஊரின் வரைபடம் யாவும் பாடமாகட்டும். மின்னியல் தராசு மலைக்கு வந்துவிட்டது. அதில் தோன்றும் எண் எங்கே போகின்றது, யார் அதைக் காக்கின்றார், பிழைத்தால் யாரிடம் கேட்பது என்பன 9ஆம் வகுப்புப் பிள்ளை எழுப்பவேண்டிய வினாக்கள்.

இவற்றைப் பிறர் வகுத்துத் தருவார் என்று காத்திருந்தால், மீண்டும் ஒரு முறை அளந்துதான் தருவார்கள். பத்தனையிலும் கொட்டகலையிலும் பயின்ற ஆசிரியர்கள், லயத்திற் பிறந்து பட்டம் பெற்ற இளைஞர்கள், பெற்றார் சங்கங்கள், தொழிற்சங்கங்கள் யாவரும் கூடி அமர்ந்து, வகுப்புக்கு வகுப்பு எமக்கு வேண்டியது இது என்று எழுதி முன்வைக்கும் காலம் இது. தமக்குரிய கடதாசியை வாசிக்க முடியாமல் மலை ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் பிள்ளைகளுக்கான கடதாசியை நாமே எழுதுவோம்.